முடியைக் கழற்றாத முன்னரசன்

அவருடைய பெயரை எழுத மாட்டேன். பிள்ளைகள் வெளிநாட்டில் நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? கொழும்பில், கொட்டாஞ்சேனையில் எல்லோருக்கும் அவர் ராசாதான். எங்கள் வயதுக்காரருக்கு ராசாண்ணை, சிங்களப் பொலிஸ்காரருக்கு ராஜா மாத்தயா, அதாவது ராஜா ஐயா. எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பெருநாள் கூத்தில் அரசன் வேடம் போட்டுப் போட்டு வந்த பெயர். பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு அந்த மனிதர் வேடத்தை எப்போதாவது முழுதாகக் கழற்றினாரா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் கூடப்பிறந்த அண்ணா சொல்வார். இருக்கலாம். நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். காலையில் ஒருவர் சத்தியம் செய்து சொன்னதை மாலையில் இன்னொருவர் சத்தியம் செய்து மறுப்பார். இரண்டையும் அடித்துக் கொடுப்பவள் நான். அப்படிப்பட்டவளுக்கு யாரைப் பார்த்தாலும் பாதி நம்பிக்கைதான் வரும். ராசாண்ணையைப் பார்த்தால் அந்தப் பாதியும் வராது.

அவருக்குப் பிடித்த சொல் ‘முழுசா’. மீன் வாங்கினால் முழுசாக வாங்குவார். துண்டு வாங்குகிறவனைப் பார்த்து உதட்டைச் சுழிப்பார். கலியாண வீட்டில் வாழ்த்துரைக்கு எழுந்தால் முழுசாகப் பேசுவார்; பிறகு பேச இருந்தவர்கள் தங்கள் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். பெருநாளில் புனிதரின் சுருபம் சுற்றி வரும்போது முன் காவுதடியை எடுத்தால் கோயில் வாசல் வரைக்கும் தோள் மாற்ற விடமாட்டார். “அரைவாசி வேலை எனக்குச் சரிவராது தங்கச்சி” என்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடமே சொல்லியிருக்கிறார். கேட்பதற்கு உழைப்பாளியின் பேச்சுப் போலத்தான் இருக்கும். பக்கத்தில் தோள் கொடுக்க வந்து வெறுங்கையோடு திரும்பியவனின் முகத்தைப் பார்த்தால்தான் விளங்கும்.

துறைமுகத்தில் அவர் ஒரு சுப்பவைசர். நல்ல உயரம், அதைவிட நல்ல குரல். குரலைப் பற்றி மட்டும் என்னால் ஒரு குறையும் சொல்ல முடியாது. திரைக்குப் பின்னால் இருந்து அவர் முதல் அடியை எடுத்தால் மண்டபத்தில் அழுகிற குழந்தை வாயை மூடும்.

கூத்தைப் பற்றிச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். எங்கள் கூத்தில் ஓர் அரசனை இரண்டு பேர் ஆடுவார்கள். முன்பாதிக்கு ஒருவர், அவர் முன்னரசன். பின்பாதிக்கு ஒருவர், அவர் பின்னரசன். கதை பாதிக்கு வந்ததும் திரைக்குப் பின்னால் முன்னரசன் தன் கையாலேயே முடியைக் கழற்றிப் பின்னரசனின் தலையில் வைக்கவேண்டும். விடிய விடிய ஆடிய காலத்தில் ஒரு தொண்டை தாங்காது என்பதற்காக வந்த வழக்கம் என்பார்கள். கூத்தை நடத்துகிற அண்ணாவியார் வேறு காரணம் சொல்வார். “ஒருத்தனை முழுக்க அரசனா இருக்க விட்டா, விடிஞ்சாப் பிறகு அவன் வீட்டை போகமாட்டான்.”

நாங்கள் ஆடிய கதையும் அதற்கேற்ற கதைதான். தம்பியைக் கொன்று முடி சூடுகிற ஓர் அரசன். ஊரெல்லாம் பிடிக்கிறான், பக்கத்து நாட்டையும் பிடிக்கிறான், போதாமல் தன் மந்திரிகளையே சந்தேகப்பட்டு வெட்டுகிறான். கடைசியில் கோட்டைக்குள் தனியாகக் கிடந்து, கூப்பிட்ட குரலுக்கு ஆளில்லாமல் சாகிறான். ராசாண்ணை முன்னரசன், பிடிப்பதெல்லாம் அவர். என் அண்ணா பின்னரசன், இழப்பதெல்லாம் அண்ணா.

இங்கேதான் கோளாறு. கைதட்டு ராசாண்ணைக்கு விழும், கண்ணீர் அண்ணாவுக்கு விழும். கூத்து முடிந்து வீட்டுக்குப் போகிற சனம் கைதட்டியதை மறந்துவிடும், அழுததை மறக்காது. “உன்ர கொண்ணன் செத்த சாவு, ஐயோ பிள்ளை!” என்று பெண்கள் என் கையைப் பிடித்துச் சொல்லும்போது, சற்றுத் தள்ளி முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டு நிற்கிற ராசாண்ணையை நான் கவனித்திருக்கிறேன். அவர் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

முடி அட்டையில் செய்தது, மேலே பொன்னிறத் தாளும் கண்ணாடி மணியும். மற்ற உடுப்பெல்லாம் கோயில் பெட்டிக்குள் இருக்க, அது மட்டும் அவர் வீட்டு அலுமாரிக்கு மேலே துவாயால் சுற்றி இருந்தது. கறையான் அரிக்குமாம். பெட்டிக்குள் கறையான் புகுந்தால் உடுப்பை விட்டுவிட்டு முடியை மட்டுமா அரிக்கும்? நான் கேட்டேன். அண்ணா என்னை முறைத்தார்.

ஒருமுறை தெஹிவளையில் ஆடுவதற்காக வான் ஒன்று பிடித்துப் போனோம். வழியில் இராணுவச் சோதனைச் சாவடி. பின்னால் மரவாள்கள், ஈட்டிகள், வெள்ளித்தாள் ஒட்டிய கேடயங்கள். போர்க்காலத்தில் தமிழாக்கள் கொண்டுபோகிற சாமானா அது! ஒரு சிப்பாய் கதவைத் திறந்து பார்த்ததும் துவக்கை நிமிர்த்தினான். ராசாண்ணை மட்டும் இறங்கி, “மல்லி, மே நாடகமக் விதரய்” என்று சிரித்தார். நாடகம்தான் தம்பி, வேறொன்றுமில்லை என்று அவர் சிங்களத்தில் சொன்ன விதத்தில் அந்தப் பெடியனும் சிரித்துவிட்டான். மரவாளைத் தட்டிப் பார்த்தான். பிறகு துவாயை அவிழ்த்து முடியை எடுத்துத் தன் தொப்பிக்கு மேலே வைத்து, “ரஜ்ஜுருவோ!” என்று, அரசராம், கூட்டாளிக்குக் காட்டினான். வானுக்குள் எல்லோரும் சிரித்தோம், உயிர் பிழைத்த சிரிப்பு. ராசாண்ணை சிரிக்கவில்லை. துவக்கைக் கண்டு மாறாத முகம், முடி இன்னொருவன் தலையில் ஏறியதும் மாறியது. வான் புறப்பட்ட பிறகு தன் லேஞ்சியை எடுத்து முடியின் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அவரால் நன்மை நடக்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கொழும்பில் குண்டு வெடிக்கும் ஒவ்வொரு முறையும் கொட்டாஞ்சேனையில் சுற்றிவளைப்பு நடக்கும். வடக்கு ஊர்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களைக் கூட்டமாக ஏற்றிப் போவார்கள். ராசாண்ணை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போவார். “மாத்தயா, இவங்கள் என்ர ஆக்கள்” என்பார். பின்னேரத்துக்குள் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். அங்கே இருந்த இன்ஸ்பெக்டருக்கு அவர் மேல் ஒரு பிடிப்பு. பங்குக் குருவானவர் போனால்கூட வாசலில் நிற்கவேண்டும். ராசாண்ணைக்குக் கதிரை போடுவார்கள்.

அதற்குப் பிறகு என்ன குறை? அவர் தெருவில் வந்தால் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மரண உதவிச் சங்கத்தின் தலைவர் அவர், இளைஞர் மன்றத்தின் காப்பாளர் அவர், பெருநாள் சபையின் செயலாளர் அவர். வேறு யாராவது பொலிஸுக்குப் போகப் புறப்பட்டால், “நீங்கள் போய்க் குழப்பாதேங்கோ. ஆக்களுக்காகக் கதைக்கிறது ஒரு வாயாத்தான் இருக்கவேணும்” என்று தடுத்துவிடுவார். எனக்கு அப்போதே தோன்றியது: கதவைத் திறக்கத் தெரிந்தவனுக்குப் பூட்டவும் தெரியும். அண்ணாவிடம் சொன்னேன். “உனக்கு விசர்” என்றார் அண்ணா.

ஒரு வருடம் பெருநாளுக்கு முன்பு, முதல் ஒத்திகையிலேயே அவர் கேட்டுவிட்டார்.

“அண்ணாவியார், இந்த முறை முழு அரசனையும் நானே செய்யிறன். இப்ப பகல் கூத்துத்தானே, தொண்டை தாங்கும்.”

ஊரடங்குக்கும் சோதனைக்கும் பயந்து அப்போதெல்லாம் கூத்தை ஞாயிறு மத்தியானம் தொடங்கிப் பொழுதுபடுவதற்குள் முடிப்போம். அதைத்தான் சொன்னார்.

அண்ணாவியார் தாளத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். “முடி கைமாறாமக் கூத்தில்லை.”

“சனத்துக்குப் புதுசா ஏதும் காட்டவேண்டாமே? இன்ஸ்பெக்டரையும் கூப்பிட்டிருக்கிறன்.”

“ஆரையும் கூப்பிடு. முடி கைமாறும்.”

ராசாண்ணை அண்ணாவின் பக்கம் திரும்பினார். “நீ என்னடாப்பா சொல்லுறாய்?”

அண்ணா மெல்லிய மனிதர், யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர். அன்றைக்குச் சொன்னார். “சாகிற பாட்டு என்ர, ராசாண்ணை. அதை நான் விடேலாது.”

ராசாண்ணை சிரித்து அண்ணாவின் தோளில் தட்டினார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

அந்தக் கிழமையே எங்கள் வீட்டுக்கு வந்தார், பெருநாள் அழைப்பிதழ் கொடுக்கிற சாட்டில். அண்ணி தேத்தண்ணி ஊற்றினார். அப்போது மன்னாரிலிருந்து எங்கள் சித்தியின் மகன் வந்து உள்ளறையில் படுத்திருந்தான். வெளிநாடு போவதற்காக வந்தவன், மூன்றாம் நாள் விமானம். வருகிற விருந்தாளியைப் பொலிஸில் பதியவேண்டும் என்பது அப்போது சட்டம். பதியப் போனால் ஆயிரம் கேள்வி, விமானமே தவறிப்போகும் என்று அண்ணா பதியாமல் வைத்திருந்தார். ராசாண்ணை போகும்போது வாசலில் நின்று கீழே பார்த்தார். பெரிய அளவு றப்பர் செருப்பு ஒரு சோடி, மன்னார் மண்ணோடு. அண்ணாவின் கால் சின்னக் கால்.

“ஆற்ற செருப்பு தங்கச்சி?”

“அண்ணாவின்ர.”

“ஓமோ” என்றார்.

சித்தியின் மகன் விமானம் ஏறிவிட்டான். மறுநாள் விடியற்காலையில் பொலிஸ் வந்தது. தெருவை வளைக்கவில்லை, பக்கத்து வீட்டைத் தட்டவில்லை. நேராக எங்கள் கதவு. மன்னாரிலிருந்து வந்தவன் எங்கே என்று கேட்டார்கள். அப்படி ஒருவரும் இல்லை என்றார் அண்ணா. அண்ணாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜீப் புறப்பட்டபோது அண்ணி சேர்ட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார், அண்ணா மேல் வெறும் பெனியன்தான் இருந்தது.

ராசாண்ணையிடம் ஓடினோம். வேறு எங்கே ஓடுவது?

“நான் பார்க்கிறன். பயப்படாதேங்கோ” என்றார். மறுநாள் போனோம். “கதைச்சனான். கொஞ்சம் சிக்கலான கேஸ்.” அதற்கு மறுநாள், “இண்டைக்கும் போய்க் கதைச்சனான். பெருநாள் முடியட்டும் பிள்ளை, அவசரப்பட்டாப் பழுதாப்போகும்.” மற்றவர்களைப் பின்னேரத்துக்குள் கொண்டு வந்த மனிதர், என் அண்ணாவுக்குப் பெருநாள் முடியட்டும் என்கிறார். பெருநாளுக்குள் அண்ணாவைத் தெற்கே தடுப்பு முகாமுக்கு மாற்றிவிட்டால் பிறகு வருடக்கணக்காக ஆளைக் காணமுடியாது. எங்கள் கந்தோரில் அப்படிப்பட்ட மனைவிகளின் மனுக்களை நான்தான் தட்டச்சு செய்தேன். அண்ணிக்காகவும் ஒன்று தட்ட வேண்டி வருமோ என்று நினைத்தேன்.

அண்ணிக்குச் சொல்லாமல் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். வாசலில் நின்ற வயதான கான்ஸ்டபிள் தமிழ் கதைப்பார். “எல்லாருக்கும் வாறது உங்கட ராஜா மாத்தயா. உங்கட அண்ணனுக்கு மட்டும் ஏன் இன்னும் வரேல்லை?” என்று என்னிடமே கேட்டார்.

நேரே ஒத்திகை நடக்கிற மண்டபத்துக்குப் போனேன். ராசாண்ணை இன்னும் வேலையால் வரவில்லை. அண்ணாவியாரும் மத்தளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் இருந்தார்கள். பிற்பாட்டு என்பது எங்கள் கூத்தில் சின்ன விஷயமில்லை. அரசன் ஓரடி பாடினால் ஓரத்தில் நிற்கிறவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடவேண்டும். அவர்கள் பாடும்போதுதான் அரசன் மூச்சு வாங்குவான், ஆடுவான், அடுத்த அடிக்குப் போவான்.

“ராசாண்ணை பொலிசுக்குப் போகவே இல்லை. பொய் சொல்லியிருக்கிறார்” என்றேன். செருப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதைச் சொன்னால் பதியாத ஆளை வைத்திருந்ததை நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. அண்ணியும் நானும் அதை வீட்டு வாசலுக்கு வெளியே கொண்டுபோவதில்லை என்று பேசி வைத்திருந்தோம்.

பிற்பாட்டுக்காரர் எல்லோரும் துறைமுகத் தொழிலாளிகள். தரையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், “தங்கச்சி, நாளைக்கு எங்களைப் பிடிச்சா ஆர் போறது? எங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கு” என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அண்ணாவியார் ஒன்றே ஒன்று கேட்டார்.

“போகேல்லை எண்டது வடிவாத் தெரியுமோ?”

“தெரியும்.”

“சரி, வீட்டை போ பிள்ளை. பின்னரசனை நான் ஆடுறன். அவன் முடியை என்ர கையில தரட்டும்.”

அப்படியே தருவதாக ராசாண்ணையும் ஒத்துக்கொண்டாராம். ஒத்திகையில் இரண்டு முறை மரியாதையாகக் கழற்றியும் கொடுத்தாராம். நான் நம்பவில்லை.

பெருநாள் ஞாயிறு. முன்வரிசையில் இன்ஸ்பெக்டர், சீருடை இல்லாமல், கழுத்தில் எங்கள் சபை போட்ட மாலையோடு. நான் பெண்கள் பக்கத்துச் சுவரோரம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் திரையின் இடுக்கால் உள்பக்கம் தெரியும்.

ராசாண்ணை அன்றைக்கு ஆடியது போல் எப்போதும் ஆடியதில்லை. வயிறு எரிந்துகொண்டே சொல்கிறேன், அரசன் என்றால் அதுதான் அரசன். தம்பியைக் கொன்று முடி சூடிய இடத்தில் இன்ஸ்பெக்டரே கைதட்டினார். முன்பாதி முடிந்தது, திரை விழுந்தது. இடுக்கால் பார்த்தேன். அண்ணாவியார் பின்னரசன் உடுப்போடு, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். ராசாண்ணை அந்தக் கைகளைப் பார்த்தார். முடியை இன்னும் கொஞ்சம் கீழே அழுத்திக்கொண்டார். அண்ணாவியாரைத் தாண்டித் திரையைத் தானே விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார்.

விஷயம் தெரியாத சனம் கைதட்டியது. அவர் நடுவில் வந்து நின்று, கோட்டைக்குள் தனித்துப்போன அரசனின் முதல் அடியை எடுத்தார். அண்ணாவின் அடி. குரல் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. மத்தளம் ஒரு சுற்று வந்து, பிற்பாட்டுக்கு இடம் விட்டது.

ஒருவரும் வாங்கவில்லை.

பிற்பாட்டுக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். மறந்துபோனார்கள் என்று நினைத்திருப்பார் போலும், அதே அடியைத் திரும்ப எடுத்தார். மத்தளம் வந்து நின்றது. மௌனம். மூன்றாம் முறை இன்னும் உச்சத்தில் எடுத்தார். பாதியில் மூச்சுப் பிடிக்கவில்லை, சொல் உடைந்தது. அவர் ஓரத்துக்குத் திரும்பிப் பார்த்தார். நாளைக்கு ஆர் போறது என்று கேட்டாரே, அவர் முன்னால் நின்றார், வாயை இறுக்கிக்கொண்டு, கண்ணில் நீரோடு. மத்தளக்காரர் மத்தளத்தை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். அதை முன்பே பேசி வைத்திருந்தார்களா என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். எவரும் வாய் திறக்கவில்லை.

அவரால் ஆடவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. சாகிற இடம்வரை பாடினால்தானே சாகலாம்? சிங்காசனமாகப் போட்டிருந்த கோயில் கதிரையில் போய் இருந்தார். முன்வரிசையில் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். அவர் என்ன சொன்னாரோ, இன்ஸ்பெக்டர் மேடையில் இருந்த மனிதரையும் ஓரத்தில் நின்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்து போனார். “என்ர ஆக்கள்” என்று இத்தனை வருடம் கேட்டவருக்கு, ஆட்கள் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலையில் குருவானவரும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் வேலைக்குப் போகாமல் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். வாசலில் நிற்க வைத்தார்கள், நின்றார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து, “இவ்வளவு பேர் இருக்கிறீர்கள், ஏன் முன்னமே வரவில்லை?” என்று கேட்டாராம். அந்தக் கிழமை முடிவதற்குள் அண்ணா வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார், ஒரு காதில் கேட்பது குறைந்திருந்தது. கேட்ட முதல் கேள்வி, “என்ர பாட்டை ஆர் பாடினது?”

“ஒருத்தரும் பாடேல்லை” என்றேன். அண்ணா தலையைக் குனிந்துகொண்டு அழுதார்.

முடி ஒருநாள் முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரின் கையில் துவாயோடு திரும்பி வந்தது. ராசாண்ணையை யாரும் ஏசவில்லை, அடிக்கவில்லை. அவர் வரும்போது எழுந்து நிற்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். சங்கங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. பிறகு வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டுக்குக் குடிபோய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

சில வருடங்கள் கழித்து, போர் முடியாத காலத்திலேயே, வெள்ளவத்தையில் பஸ் தரிப்பிடத்தில் அவரைக் கண்டேன். வரிசையில் கடைசி ஆளாக நின்றார். உயரம் குறைந்தது போல இருந்தது. விலகிப் போகத்தான் பார்த்தேன், அவர் கண்டுவிட்டார்.

“தங்கச்சி! கொண்ணன் சுகமே?”

“ஓம்.”

“இப்பவும் ஆடுறவரோ?”

“ஆடுறவர். பின்னரசன்தான்.”

தலையை ஆட்டினார். கடற்பக்கமாக ரயில் ஒன்று போய் ஓய்ந்தது. உதடு அசைந்தது, அண்ணாவின் பாட்டைத்தான் முணுமுணுத்தாரோ என்னவோ. பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“நீங்கள் என்ன நினைச்சாலும் நினையுங்கோ. அந்தச் செருப்பைப் பற்றி நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை.”

நான் அவரிடம் செருப்பைப் பற்றிக் கேட்கவில்லை. எந்த நாளும் வீட்டுக்கு வெளியே எவரிடமும் அதைச் சொன்னதும் இல்லை.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓம், நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்குப் போயிருப்பார். பஸ் வந்தது. நான் வாயைத் திறக்காமல் ஏறிப் போய் இருந்தேன்.